டெக்சாஸ் சிவில் ஏர் பட்ரோல்: செவ்வாய் மாலை போகிறோம்

பெற்றோருக்கு வணக்கம்.

சிவில் ஏர் பட்ரோல் 1941 டிசம்பரில் தொடங்கிய தன்னார்வ அமைப்பு. இன்று அமெரிக்க விமானப்படையின் துணைப்படை. காணாமல் போகும் விமானங்களைத் தேடுவார்கள். 2017 ஹார்வி புயலின்போது சின்ன செஸ்னா விமானங்களில் பறந்து, மூழ்கிய தெருக்களைப் படம் பிடித்துக் கொடுத்தவர்களும் இவர்கள்தான். நம் பிள்ளைகள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

நம் பகுதிக் கிளையின் கூட்டம் வரும் செவ்வாய் மாலை 6:30 மணிக்கு.

1. 12 வயது நிறைந்தவர்கள் கேடட் (பயிற்சி பெறும் இளம் உறுப்பினர்) ஆகலாம். பெற்றோரில் ஒருவர் உடன் வரவேண்டும்.
2. பெரியவர்களும் சேரலாம், விமானம் ஓட்டத் தெரியாவிட்டாலும் சரி. ரேடியோ, அலுவலக வேலைக்கும் ஆள் தேவை.
3. விசாவில் இருப்பவர்கள் சேரலாமா என்பது போன்ற சந்தேகங்களை அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.
4. எத்தனை பேர், பிள்ளையின் வயது என்ன என்று ஞாயிறு இரவுக்குள் இங்கே பதில் போடுங்கள். காரில் இடம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.