கேட்பதற்கு முன்பே பதில் எழுதி வைத்திருக்கும் தரகர்
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நிலத் தரகர்களுக்கும் அவர்களுடைய சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். பத்திரம் எழுதுவது, பட்டாவும் புலப்படமும் (நிலத்தின் சர்வே வரைபடம்) பார்ப்பது, நிலம் அளப்பது என்று உங்கள் தொழிலை ஒட்டியே பிழைக்கிறவர்கள் நாங்கள். உங்களிடம் இடம் பார்த்துவிட்டு எங்களிடம் வருகிறவர்கள் என்னென்ன கேட்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அதை வைத்தே இதை எழுதுகிறோம்.

பாகலூர் சாலையில் தொடங்கி பாலக்கோடு வரை பிளெக்ஸ் பலகைகள் சொல்வது ஒன்றேதான்: டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவ்டு, பேங்க் லோன் வசதி, உடனடிப் பதிவு. எல்லாப் பலகையும் ஒன்றையே சொல்லும்போது, வாங்க வருகிறவர் யாரை நம்பிப் போன் போடுவார்? தன் மனதில் இருக்கும் கேள்விக்கு யார் ஏற்கெனவே பதில் எழுதி வைத்திருக்கிறாரோ, அவருக்குத்தான் போடுவார். நீங்கள் நாள் முழுக்கப் போனில் வாயால் சொல்லும் பதில்களை, ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் என்று எழுதி, பெயரும் தேதியும் போட்டு, வாட்ஸ்அப்பில் அனுப்பும்படியும் கடையில் கையில் கொடுக்கும்படியும் வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. இந்தப் பக்கத்தைப் பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் பென்னாகரத்துக்காரர் மனைவிக்கும் மச்சானுக்கும் அனுப்பி வைப்பார். ராணுவத்தில் இருப்பவர் விடுப்பில் வரும்வரை வைத்திருப்பார்.

முதலில் அளவை எழுதுங்கள். கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டி ஓசூருக்கு வருகிறவர் அங்குள்ள அளவான குண்டாவில் கேட்கிறார், நீங்கள் சென்ட்டில் சொல்கிறீர்கள், பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கிறது. ஒரு சென்ட் 435.6 சதுரடி. ஒரு குண்டா 1,089 சதுரடி, அதாவது இரண்டரை சென்ட். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். முப்பதுக்கு நாற்பது சைட் என்றால் 1,200 சதுரடி, ஏறத்தாழ இரண்டே முக்கால் சென்ட். பட்டாவில் 0-12.50 என்று இருந்தால் 12.50 ஏர், அதாவது 30.89 சென்ட். இதை எடுத்துக்காட்டோடு அரைப் பக்கத்தில் போட்டுவிட்டால், சென்ட் விலையைக் குண்டா விலை என்று எண்ணிக்கொண்டு வந்து கடைசி நாளில் முறைத்துக்கொண்டு போகிற கதை நிற்கும்.

அடுத்தது செலவுக் கணக்கு. கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. அரசு குறித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை இரண்டில் எது அதிகமோ அதற்கு. சதுரடி 1,500 ரூபாய் வீதம் 1,200 சதுரடி என்றால் 18 லட்சம், பதிவுக்கு மட்டும் 1,62,000. பெண் பெயரில் வாங்கும் 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்துக்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. இதை முன்கூட்டியே சொல்லாத தரகரிடம் ‘மொத்தம் எவ்வளவு ஆகும்’ என்ற கேள்வி பதிவு நாளில்தான் வெடிக்கிறது. உங்கள் கமிஷன் எத்தனை சதவீதம், யாரிடமிருந்து, எப்போது என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். மறைத்து வைக்கிற கமிஷனைத்தான் ஆட்கள் பேரம் பேசுகிறார்கள்.

நிதானமாக எழுத வேண்டியவை பாதையும் வில்லங்கமும் (நிலத்தின் மேல் பதிவான அடமானம், விற்பனை போன்றவை).

ஊத்தங்கரைப் பக்கமோ காரிமங்கலம் பக்கமோ தோட்டம் வாங்குகிறவர் காரில் போய் இறங்கிப் பார்க்கிறார், வழி இருக்கிறது என்று நம்புகிறார். வண்டி போகிற தடம் புலப்படத்தில் இல்லை என்றால், பத்திரத்திலும் பாதை உரிமை எழுதப்படவில்லை என்றால், அது பெரும்பாலும் பக்கத்து நிலத்துக்காரர் விட்டிருக்கும் வழிதான். அவர் மகன் கம்பி வேலி போட்டால் வழக்குதான். எனவே புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிப் பார்ப்பது, செக்குபந்தியில் (பத்திரத்தின் நான்கெல்லை விவரத்தில்) ‘இதற்குக் கிழக்கு வண்டிப்பாதை’ என்று இருப்பதற்கும் ‘பாதையில் போகவர உரிமை’ என்று இருப்பதற்கும் என்ன வேறுபாடு என்பதை ஒரு பக்கம் எழுதுங்கள். உங்கள் பகுதித் தோட்டங்களுக்கு இதைவிடப் பயனுள்ள பக்கம் வேறு இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

வில்லங்கத்தில் நடக்கும் தவறு வேறு. இன்றைய உட்பிரிவு எண்ணை மட்டும் போட்டுத் தேடுகிறார்கள். 112/3பி2 என்று வைத்துக்கொள்வோம். உட்பிரிவு ஆவதற்கு முன் நடந்த அடமானமும் பாகப்பிரிவினையும் 112/3பி-யிலோ 112/3-லோ கிடக்கும். மூல எண் வரை ஏறித் தேட வேண்டும், பழைய பதிவு வேறு சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்ததா என்றும் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்று சுத்தமாக வந்தாலும் பதிவாகாத அக்ரிமென்ட், கையெழுத்துப் போடாத வாரிசு, நிலுவையில் இருக்கும் பாக வழக்கு அதில் தெரியாது. கூட்டுப் பட்டா என்றால் மற்ற பெயர்க்காரர்கள் யார் யார் என்று கேட்கச் சொல்லுங்கள். பவர் (அதிகாரப் பத்திரம்) வைத்து விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்று தேவை என்று எழுதுங்கள். வருவாய்த் துறையின் அ-பதிவேட்டைப் பார்த்தால் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலமா, கோயில் நிலமா, புறம்போக்கா என்பதற்குத் துப்பு கிடைக்கும். இத்தனையையும் நீங்களே எழுதிக் கொடுத்தால் வாங்குபவர் பயந்து ஓடிவிடுவார் என்று சிலர் நினைக்கிறார்கள். ஓடுகிறவர் எப்படியும் வக்கீலைப் பார்த்த பிறகு ஓடுவார். இருக்கிறவர் உங்கள் மூலமாகவே முடிப்பார். இன்னொன்றும் உண்டு: நிலம் விற்க நினைப்பவரும் இந்தப் பக்கங்களைப் படிக்கிறார். காகிதம் தெரிந்த ஆளிடம்தான் அவர் நிலத்தை ஒப்படைப்பார்.

மனைப்பிரிவு பற்றி எழுதும்போது ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற சொல்லை அடியோடு விட்டுவிடுங்கள். மனைப்பிரிவுக்கு ஊராட்சி தானாக அனுமதி கொடுக்க அதிகாரம் கிடையாது. அனுமதியில்லாத மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டம் 2016 அக்டோபர் 20 அன்றோ அதற்கு முன்போ மனை விற்றுப் பதிவான பிரிவுகளுக்கானது. அதற்குப் பிறகு கல் நட்ட இடத்தைக் காட்டி ‘ரெகுலரைஸ் ஆகிவிடும்’ என்று எழுதினால் அது பொய். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும், அதை விற்றுக் கொடுக்கும் நீங்களும் 9-ஆம் பிரிவின்படி முகவராகப் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். இரண்டு பதிவு எண்களையும் பக்கத்தின் தலையிலேயே போடுங்கள். அந்த எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போன் செய்கிறவர் பாதி முடிவு செய்துவிட்டவர்.

தண்ணீரைப் பற்றி எழுதாமல் நம் மாவட்டங்களில் வீட்டுமனை விற்பது நியாயமில்லை. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த பகுதி இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது, 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருக்கக் கூடாது. அந்தத் தெருவுக்குக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்திருக்கிறதா, பக்கத்து வீட்டு போர் எத்தனை அடி, கோடையில் வருகிறதா என்று நேரில் கேட்டு எழுதுங்கள். போர் தண்ணீரைப் பரிசோதித்த சீட்டு இருந்தால் அதன் தேதியோடு போடுங்கள்.

‘வரப்போகிறது’ என்ற சொல்லில் கவனம் வையுங்கள். ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அறிவிப்பு என்று எழுதுங்கள், ‘ஏர்போர்ட்டுக்கு அருகில்’ என்று எழுதாதீர்கள். பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரைதான் ஓடுகிறது. பெரிய திட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சர்வே எண் நிலம் கையகப்படுத்தலுக்குள் சிக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தருமபுரி–மொரப்பூர் ரயில் பாதை வரும் என்று சொல்லி எத்தனை காலமாக மனை விற்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

எழுதும் முறை பற்றிச் சுருக்கமாக. ஒரு தாலுகாவுக்குள்ளேயே நில்லுங்கள். தேன்கனிக்கோட்டைத் தரகர் அரூர் நிலவரம் எழுதினால் இரண்டு இடத்துக்காரரும் நம்ப மாட்டார்கள். சென்னைக்காரர் எழுதியதை நகல் எடுத்தால் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அப்படியே வந்துவிடும், அது இங்கே இல்லவே இல்லை. விலை எழுதினால் மாதமும் ஆண்டும் போடுங்கள், ஆறு மாதம் கழித்துத் திருத்தி அனுப்புங்கள். நில உரிமையாளரின் ஆதார், கைபேசி எண், பத்திரத்தின் முழு நகல் ஆகியவற்றை ஒருபோதும் பரப்பாதீர்கள். சர்வே எண்ணைக்கூட அவர் சம்மதத்தோடுதான் போட வேண்டும். ஓசூரில் வாங்க வருகிறவர்களில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் பலர். ஒரே பக்கத்தை அந்த மொழிகளில் பேசி ஒலிப்பதிவாகவும் அனுப்பலாம்.

முதல் மாதமே போன் குவியாது. நான்கைந்து பக்கம் கைமாறத் தொடங்கிய பிறகுதான் ‘நீங்கள் எழுதியதைப் படித்தேன்’ என்று அழைப்பு வரும். அப்படி வருகிறவருக்கு அடிப்படையிலிருந்து விளக்க வேண்டியதில்லை, நேரே இடத்துக்கு அழைத்துப் போகலாம்.

சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் உறுப்பினருக்கு ஒரு வருவாய்க் கிராமம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பாதை, தண்ணீர், வழிகாட்டி மதிப்பு மூன்றையும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதட்டும். வரைவை எங்களிடம் கொடுத்தால் பத்திர, அளவு விவரங்களைச் சரிபார்த்துத் தருகிறோம். அதற்குக் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
பத்திரமும் அளவையும் பார்க்கும் சிலர்,
கிருஷ்ணகிரி