‘பூச்சி நீக்கப்பட்டது’ என்று விற்ற பால் பைத்தான்: பணமும் பதிலும் கேட்டு ஒரு புகார்

தாம்பரம்,
12-05-2025.

பெறுநர்:
மேலாளர்,
செல்லப்பிராணி விற்பனை நிறுவனம், சென்னை.

பொருள்: 08-03-2025 அன்று வாங்கிய பால் பைத்தான் (ball python என்ற மலைப்பாம்பு வகை) குட்டியின் குடற்புழுத் தொற்று தொடர்பாக.

ஐயா,

உங்கள் கடையில் 24,000 ரூபாய் கொடுத்து ஒரு பால் பைத்தான் குட்டி வாங்கினேன். பில்லில் இரண்டு சொற்களை எழுதிக் கொடுத்தீர்கள்: ‘வீட்டில் பிறந்தது’, ‘பூச்சி நீக்கப்பட்டது’. இரண்டும் பொய் என்று இப்போது நினைக்கிறேன். இரண்டாவது பொய் என்பதற்கு ஆய்வக அறிக்கையே இருக்கிறது.

வாங்கிய அன்று குட்டியின் எடை 212 கிராம். கருப்பட்டி என்று பெயர் வைத்தோம். ஒரு வாரம் தொந்தரவு செய்யாமல் விட்டு, மார்ச் 15 அன்று உங்களிடமே வாங்கிய உறைந்த எலிக்குஞ்சு, 20 கிராம், இளக வைத்துக் கொடுத்தேன். ஆசையாக விழுங்கியது. மூன்றாம் நாள் காலையில் பாதி செரித்த எலி தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அந்த நாற்றத்தை விவரிக்க வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

உங்கள் எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவர், "பாம்புன்னா கக்கத்தான் செய்யும் மேடம், நாளைக்கே இன்னொண்ணு குடுங்க" என்றார். கொடுத்தேன். அது என் தப்பும்தான், ஒத்துக்கொள்கிறேன். கக்கும்போது வயிற்று அமிலமும் சேர்ந்து வெளியேறி உணவுக்குழாய் புண்ணாகிவிடும், இரண்டு வாரமாவது வயிற்றைக் காயப்போட்டு, பிறகு பாதி அளவு இரையில் தொடங்க வேண்டும் என்று பின்னால் மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பாம்பு விற்கிறவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? இரண்டாவது எலியும் அப்படியே வெளியே வந்தது.

மறுபடி அழைத்தபோது, வெப்பம் போதவில்லை என்றார்கள். தெர்மோஸ்டாட் போட்டிருக்கிறேன். சூடான பக்கம் 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 26. பங்குனி வெயிலில் தாம்பரத்தில் என் பாம்புக்குக் குளிரடித்ததாக நீங்கள் சொன்னதை வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். வெப்பம் குறைந்தாலும், சாப்பிட்டவுடன் கையில் எடுத்தாலும், இரை பெரிதாக இருந்தாலும் பாம்பு கக்கும், உண்மைதான். இவை எதுவும் இங்கே நடக்கவில்லை.

மூன்றாவது அழைப்பில்தான் அந்த மூலிகைச் சொட்டு மருந்தை வாங்கச் சொன்னீர்கள். 650 ரூபாய். ஆமை, பல்லி, பாம்பு எல்லாவற்றுக்கும் ஒரே புட்டி. தண்ணீரில் 10 சொட்டு. என்ன கலந்திருக்கிறது என்று லேபிளில் ஒரு எழுத்து இல்லை. பூச்சி மருந்தை விலங்கின் எடைக்குத்தான் கணக்கிடுவார்கள். பாம்பு என்றைக்குத் தண்ணீர் குடிக்கும், எவ்வளவு குடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதுவும் போகட்டும், ஐவர்மெக்டின் போன்ற மருந்து ஆமையைக் கொன்றேவிடும். எல்லா ஊர்வனவற்றுக்கும் ஒரே மருந்து என்று விற்கிறவர், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லியே ஆக வேண்டும்.

ஏப்ரல் 2 அன்று, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். எடை 171 கிராமாகியிருந்தது. கழுத்துப் பக்கம் ஒரு செதிலுக்கு அடியில் ஒரு உண்ணி இருப்பதை அவர்தான் கண்டுபிடித்து எடுத்தார். என் வீட்டில் நாயோ மாடோ கிடையாது, பெட்டி நான்கு பக்கமும் மூடியது. உண்ணி உங்களிடமிருந்து வந்தது என்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. ‘வீட்டில் பிறந்தது’ என்பதைச் சந்தேகிப்பதும் இதனால்தான். மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் நாடுகளில் காட்டில் பிடித்த சினைப் பாம்புகளை அடைத்து வைத்து, அவை இடும் முட்டையில் பொரிந்த குட்டிகளை ‘பண்ணைக் குட்டி’ என்று ஏற்றுமதி செய்கிறார்கள். கருப்பட்டி அப்படி வந்ததா? தாய்ப்பாம்பு எது, எங்கே பொரிந்தது என்ற விவரத்தை எழுத்தில் கேட்கிறேன்.

மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு வகை முட்டைகளும், ஏராளமான கசையிழை ஒற்றைச்செல் கிருமிகளும் தெரிந்தன. அறிக்கையை அனுப்பியதற்கு, "அது எலியின் புழு முட்டை, பாம்பின் குடல் வழியாக வந்திருக்கிறது" என்று பதில் எழுதினீர்கள். சாமர்த்தியமான பதில். எலியின் ஊசிப்புழு முட்டை அப்படிப் பாம்பின் மலத்தில் வருவது உண்டு, அதைப் பார்த்துவிட்டுத் தேவையில்லாமல் மருந்து கொடுக்கிறவர்களும் உண்டு. ஆனால் ஊசிப்புழு முட்டையின் வடிவமே வேறு. மருத்துவர் அதைத் தனியாகக் குறித்து, ‘இது பாம்பினுடையது அல்ல’ என்றே எழுதியிருக்கிறார். அடுத்த வரியில் இருப்பது கொக்கிப்புழு. அந்த வரியை மட்டும் நீங்கள் படிக்கவில்லை.

எடைக்கேற்ற அளவில் ஃபென்பெண்டசோல் என்ற புழு மருந்தைக் கொடுத்து, 14 நாள் கழித்து மறுபடி கொடுத்தோம். கசையிழைக் கிருமிக்கு மெட்ரோனிடசோல். இப்போது 10 கிராம் இரை வயிற்றில் தங்குகிறது, எடை 189. என் பயம் முழுதாகப் போகவில்லை. பாம்பு அடிக்கடி கக்கினால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒற்றைச்செல் கிருமி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்கு நிச்சயமான மருந்து கிடையாது, பிளீச்சிங் தண்ணீருக்கும் அது சாகாது. ஒரு பரிசோதனையில் இல்லை என்று வந்திருக்கிறது. கிருமி எல்லா நாளும் மலத்தில் வெளியேறாது என்பதால் இன்னும் சில முறை பார்க்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.

பாம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு குட்டி எடுத்துக்கொள்ளுங்கள் என்று உங்கள் ஊழியர் சொன்னார். மாட்டேன். வெளிநாட்டு உயிரினங்களைப் பதியும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் என் பெயரில் பதிந்த உயிர் அது, கைமாற்றினால் அதற்கும் தகவல் கொடுக்க வேண்டும். அதைவிட, நீங்கள் அதை மறுபடி அதே அடுக்கில் வைத்து, அதே இரண்டு சொற்களை எழுதி வேறொருவருக்கு விற்பீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் கேட்பது இவை. மருத்துவருக்கு 1,600, மூன்று மலப் பரிசோதனைக்கு 1,950, மருந்துக்கு 420, உங்கள் சொட்டு மருந்துக்கு 650, ஆக 4,620 ரூபாய் திருப்பித் தர வேண்டும். அந்தச் சொட்டு மருந்தில் இருப்பதை லேபிளில் அச்சிடும் வரை விற்கக் கூடாது. மலப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் ‘பூச்சி நீக்கப்பட்டது’ என்று பில்லில் எழுதுவதை நிறுத்த வேண்டும். இவற்றில் எதற்காவது தாமதம் ஆகும் என்றால் என் பணத்தைப் பிறகு கொடுங்கள், பரவாயில்லை. ஆனால் மார்ச் மாதம் அந்த அடுக்கிலிருந்து குட்டி வாங்கிய மற்றவர்களுக்கு இந்த வாரமே போன் செய்து மலப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். என் கண்ணெதிரிலேயே ஒரு கல்லூரிப் பையன் பக்கத்துப் பெட்டியில் இருந்த குட்டியை வாங்கிப் போனான். அவனும் இப்போது வெப்பத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறானோ என்னவோ.

15 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுப்பேன்.

பில், மூன்று ஆய்வக அறிக்கைகள், எடைக் குறிப்பு, புகைப்படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். உண்ணி ஸ்பிரிட் ஊற்றிய சிறு புட்டியில் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. தபாலில் அனுப்ப மனமில்லை, நேரில் வந்தால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்