தோற்றவர்களின் கொட்டேஷன்

கோத்தகிரி,
ஜூலை 5

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பூம்பாறைப் பக்கம் பூண்டு இந்தத் தடவை நன்றாக வந்திருப்பதில் சந்தோஷம். இங்கே பச்சைத் தேயிலை விலையைப் பற்றித் தொடங்கினால் கடிதம் அதிலேயே தீர்ந்துவிடும், விட்டுவிடுகிறேன். பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள்.

உங்கள் ஊரில் புதிதாக மாட்டிய எல்இடி தெருவிளக்குகள் முதல் மழைக்கே அணைந்துவிட்டன, யாரைப் போய்க் கேட்பது என்று எழுதியிருந்தாய். அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் விலையைத்தான் கேட்பார்கள். அதை வைத்து நம் ஊர்களில் எந்த மோசடியையும் பிடிக்க முடியாது. உங்களுக்கு வத்தலக்குண்டு வழி, எங்களுக்கு மேட்டுப்பாளையம் வழி, பிளீச்சிங் பவுடர் மூட்டை முதல் குழாய் வரை எல்லாமே மலை ஏறித்தான் வரவேண்டும். கீழே என்ன விலை என்று காட்டினால் ஏற்றுக்கூலியைச் சொல்லி உன்னை உட்கார வைத்துவிடுவார்கள். நீ கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த ஆர்டர் கிடைக்காமல் போனவர்கள் யார்?

பெரிய கொள்முதலுக்கு 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. டெண்டர் விளம்பரம், அவகாசம், குறைந்த விலைக்கே ஆர்டர் என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. சின்னக் கொள்முதல்தான் யார் கண்ணிலும் படாமல், மூன்று வியாபாரிகள் எழுதிக் கொடுக்கும் விலைப்புள்ளியோடு, அதாவது மூன்று கொட்டேஷனோடு முடிந்துவிடும். ஒரே பொருளை நான்கு பில்லாகப் பிரித்தால் பெரியதும் சின்னதாகிவிடும். அதனால் கோப்பில் மூன்று விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்ட ஒப்பீட்டுப் பட்டியலையும், தோற்ற இரண்டு கொட்டேஷன்களையும் கேட்டு வாங்கு.

வாங்கியதும் மூன்றிலும் ஜிஎஸ்டி எண்ணைப் பார். பதினைந்து எழுத்தில் முதல் இரண்டு மாநிலத்தின் எண், நமக்கு 33. அடுத்த பத்தும் அந்த வியாபாரியின் பான் எண். ஒரே ஆள் தன் சொந்தப் பதிவிலேயே கடைக்கு எத்தனை பெயர் வைத்தாலும் அந்தப் பத்து எழுத்து மாறாது. ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவு, எந்தத் தேதியில், எந்த முகவரி என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இங்கே ஓர் உள்ளாட்சியில் தூய்மைப் பணியாளர்களுக்குக் கம்பூட்ஸ், ரெயின்கோட், கையுறை வாங்கிய கோப்பை நாங்கள் பார்த்தோம். லெட்டர்பேடு மூன்று, பான் ஒன்று, அதாவது போட்டி போட்டதாகச் சொன்ன மூவரும் ஒரே ஆள். இருப்புப் பதிவேட்டில் அத்தனையும் வந்து சேர்ந்ததாக எழுதியிருந்தது, ஆனால் பணியாளர்கள் வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து இல்லை. அந்தப் பெண்கள் விடியற்காலைப் பனியில் வெறுங்கையால் குப்பை பிரிப்பதை நான் தினமும் பார்க்கிறேன். எனக்கு ஆறவே இல்லை. இன்னமும் ஆறவில்லை.

அதே சமயம் ஒரே வியாபாரி பெயர் வருஷா வருஷம் வந்தாலே திருட்டு என்று முடிவு கட்டிவிடாதே. மலைக்கு வந்து சப்ளை செய்ய ஒத்துக்கொள்பவர்களே குறைவு. பில் பணம் மாதக்கணக்கில் நிற்கும் என்று நல்ல வியாபாரிகள் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் தாமதமாகப் பணம் கொடுப்பதும் ஊருக்கு நஷ்டம்தான். இதை யாரும் பேசுவதில்லை.

சரி, மனு எப்படி என்று கேட்பாய். தகவல் உரிமைச் சட்டத்தில் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுது. பதிலுக்கு முப்பது நாள் கெடு. நகல் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். "ஊழல் நடந்ததா" என்றெல்லாம் கேட்காதே, அதற்குப் பதில் வராது. கொட்டேஷன்கள், சப்ளை ஆர்டர், பில், இருப்புப் பதிவேட்டின் அந்தப் பக்கம், உத்தரவாதக் காலம் எவ்வளவு என்று சொல்லும் காகிதம், இவற்றின் நகல் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேள். இன்னொன்று, பலருக்கும் தெரியாதது: அந்தச் சட்டத்தின் 2(j) பிரிவில் பொருளின் சான்றிட்ட மாதிரியைக் கேட்கவும் உரிமை இருக்கிறது. வாங்கி வைத்த விளக்கு மிச்சம் இருந்தால் அதில் ஒன்றைக் கேள். உள்ளே மழைநீர் இறங்காமல் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று உங்கள் ஊர் எலக்ட்ரீஷியனே பார்த்துச் சொல்லிவிடுவார்.

உத்தரவாதக் காலம் முடிந்திருக்காவிட்டால் விளக்குகளைச் செலவில்லாமல் மாற்றித் தரவேண்டியது சப்ளை செய்தவர்தான். புதிதாக வாங்க இன்னொரு தீர்மானம் போடுவதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும், அவசரம் அதில்தான்.

இந்த வாரமே மனு போட்டால், கெடுப்படி பதில் ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முன்னால் வந்துவிட வேண்டும். வராவிட்டால் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருக்கிறது, விடாதே. சபையில் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசு. ஊராட்சி செயலரிடம் எல்லோர் முன்னாலும் கத்த வேண்டாம், பாதிக் காகிதத்தில் அவர் மற்றவர்கள் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டவராக இருப்பார்.

மனு எழுதியதும் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பு, பார்த்துத் திருத்தித் தருகிறேன். கொட்டேஷன் வந்ததும் ஜிஎஸ்டி எண்களையும் அனுப்பு. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். அப்புறம், பூண்டு கொஞ்சம் விதைக்கு எடுத்து வை, கீழே வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்