சரக்குக் கணக்கில் ஒரு நாக் அவுட்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வணிகப் பக்கத்தில், ஒரு விமான நிறுவனத்தின் காலாண்டுக் கணக்கைப் பற்றிய செய்தியில் 'டி.கே.ஓ.' என்ற சுருக்கத்துக்கு 'தொழில்நுட்ப நாக் அவுட்' என்று விளக்கம் தந்திருந்தீர்கள். சரக்கு விமானத்தை யார் குத்தி வீழ்த்தினார்கள் என்று கேட்டு வீட்டில் ஒரே சிரிப்பு. பல ஆண்டுகள் விமானச் சரக்குப் பிரிவில் கணக்கு எழுதியவன், குத்துச்சண்டையை விடாமல் பார்த்து வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

குத்துச்சண்டை மேடையில் அந்த விளக்கம் சரியானதே. கீழே விழுந்தவர் நடுவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் எழாவிட்டால் அது நாக் அவுட். 1974-இல் கின்ஷாசாவில், எட்டாவது சுற்றில் முகமது அலியிடம் ஜார்ஜ் ஃபோர்மன் தோற்றது அப்படித்தான். ஆள் நினைவோடு இருந்தாலும், இனி அவரால் தற்காத்துக்கொள்ள முடியாது என்று நடுவரோ மருத்துவரோ கருதினால், அல்லது அவருடைய மூலையில் இருக்கும் பயிற்சியாளர்களே போதும் என்று சொல்லிவிட்டால், ஆட்டம் நிறுத்தப்படும், அது டி.கே.ஓ. 1975-இல் மணிலாவில் அலியுடனான ஆட்டத்தில் பதினான்கு சுற்றுகள் முடிந்தபோது, கண்கள் வீங்கி எதிரே வரும் குத்தே சரியாகத் தெரியாத நிலையில் இருந்த ஜோ ஃபிரேசியரைக் கடைசிச் சுற்றுக்கு அனுப்ப அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் மறுத்துவிட்டார். (இப்படிச் சுற்று இடைவேளையில் வீரர் முக்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே முடிந்த ஆட்டங்களைச் சில பதிவேடுகள் வேறு பெயரில் குறிக்கும், அந்தச் சர்ச்சை இங்கே வேண்டாம்.)

விமானக் கணக்கில் வரும் டி.கே.ஓ. 'டன் கிலோமீட்டர்ஸ் ஆஃபர்டு' என்பதன் சுருக்கம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இதையே ஏ.டி.கே. ('அவைலபிள் டன் கிலோமீட்டர்ஸ்') என்று எழுதும்; எங்கள் மேசையில் இரண்டும் புழங்கின. ஒரு விமானத்தில் வருவாய்க்காக ஏற்றக்கூடிய எடையை டன்னில் எடுத்து, அது பறக்கும் தூரத்தால் பெருக்கினால் வருவது இது. இருபது டன் ஏற்றக்கூடிய விமானம் 1,500 கிலோமீட்டர் பறந்தால் 30,000 டன்-கிலோமீட்டர். அதில் உண்மையில் ஏறியது பதினைந்து டன்தான் என்றால், சுமந்தது 22,500; அதாவது கொள்ளளவில் 75 சதவீதம் பயன்பட்டிருக்கிறது. தூரம் மிகவும் கூடும்போது எரிபொருளே எடையைத் தின்றுவிடும் என்பதால், அதே விமானத்துக்கு அதே இருபது டன்னை எல்லா வழித்தடத்திலும் போட முடியாது. புதிதாக வேலைக்கு வருபவர்கள் முதலில் சறுக்கும் இடம் இதுதான், நானும் சறுக்கியிருக்கிறேன்.

சிரிப்போடு போயிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். அந்தச் செய்தியின் அடுத்த வரி, டி.கே.ஓ. உயர்ந்ததால் 'சரக்குப் போக்குவரத்து வளர்ந்துள்ளது' என்று முடிவு கட்டியது. விளக்கத்தை விட இதுதான் பெரிய பிழை. டி.கே.ஓ. என்பது நிறுவனம் வைத்திருந்த இடம். அந்த இடத்தில் ஏறிய சரக்கு அல்ல. பெரிய விமானங்களை வாங்கினாலும், நீண்ட தூரத் தடங்களைச் சேர்த்தாலும், ஒரு பெட்டி கூட அதிகமாக ஏறாமலே இந்த எண் உயரும். ஏறிய சரக்கு அதே வேகத்தில் கூடாதபோது, பாதி காலியாகப் பறக்கும் விமானங்களின் கணக்கைத்தான் வாசகருக்கு வளர்ச்சி என்று காட்டியதாக ஆகும். கொள்ளளவு, சுமந்த அளவு, இரண்டுக்கும் உள்ள விகிதம் ஆகிய மூன்றையும் ஒன்றாகப் போட்டிருந்தால் செய்தி தானே பேசியிருக்கும்.

அடுத்த இதழில் இரண்டு பிழைகளுக்கும் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். வணிகப் பக்கத்தில் எந்தச் சுருக்கம் வந்தாலும், முதல் முறை அதன் முழுப்பெயரைத் தமிழில் எழுதிவிட்டுப் பிறகு சுருக்கத்தைக் கொடுங்கள். 'அளிக்கப்பட்ட டன்-கிலோமீட்டர்' என்று ஒரு முறை அச்சாகியிருந்தால், மெய்ப்பு பார்ப்பவரே குத்துச்சண்டை வீரரை அந்தப் பத்தியிலிருந்து வெளியே அனுப்பியிருப்பார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்