பத்தாயிரத்து ஐந்நூறு பிரபஞ்சங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு அறிவியல் இணைப்பில் வந்த பிரபஞ்சக் கட்டுரையைத் திங்கட்கிழமை படித்தேன். (எங்கள் ஊருக்கு ஞாயிறு இணைப்பு திங்களன்றுதான் வருகிறது. அதற்கும் மூன்று கடிதம் எழுதி ஓய்ந்துவிட்டேன்.) உயிர்கள் வாழத் தோதாக நம் பிரபஞ்சம் இவ்வளவு கச்சிதமாக அமைந்தது ஏன் என்ற புதிருக்கு "விடை கிடைத்துவிட்டது. மொத்தம் 10500 பிரபஞ்சங்கள் உள்ளன" என்று அதில் ஒரு வரி. இத்தனையில் ஒன்றாவது இப்படி வாய்த்துவிடும் என்பது வாதம்.

தங்களுக்குத் தெரியாததல்ல. அது 10-இன் 500-ஆவது அடுக்கு. ஒன்றுக்குப் பின்னால் 500 சுழி. மேலே பொடியாகப் போட வேண்டியதைக் கீழே இறக்கிப் பத்தாயிரத்து ஐந்நூறு ஆக்கிவிட்டீர்கள். எங்கள் மாவட்டத்தில் சம்பா போடுகிறவர்களே அதைவிட அதிகம். அந்தக் கச்சிதத்துக்கு ஓர் உதாரணம்: எதுவுமே இல்லாத வெளியிலும் இருக்கிற 'வெற்றிடத்தின் ஆற்றல்', கணக்குப்படி வர வேண்டியதைவிடச் சுமார் 10-இன் 120-ஆவது அடுக்கு மடங்கு குறைவாக இருக்கிறது. (120 என்றதும் எங்களுக்கு மேட்டூர்தான் நினைவுக்கு வரும். இது அடி அல்ல.) இப்படியொரு அதிர்ஷ்டம் அடிக்கப் பத்தாயிரத்து ஐந்நூறு சீட்டு எந்த மூலைக்கு? அந்தப் பெரிய எண்ணும், பொருள்களெல்லாம் அடிப்படையில் நுண்ணிய இழைகளின் அதிர்வு என்கிற இழைக் கோட்பாட்டில் (string theory) வெற்றிடம் எத்தனை விதமாக அமையலாம் என்று போட்ட உத்தேசக் கணக்கு. அத்தனையும் 'உள்ளன' என்று எண்ணிப் பார்த்து வந்தவர் யார்?

அச்சுப்பிழையைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். 'விடை கிடைத்துவிட்டது' என்பதைத்தான் 31 வருஷம் இயற்பியல் நடத்தியவனால் பொறுக்க முடியவில்லை. நான் கொள்முதல் நிலைய வாசலில் நெல் அம்பாரத்தோடு மூன்று ராத்திரி கிடந்தவன். 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டிய ஈரப்பதம் என் நெல்லில் 18.2 காட்டியது. "ஆயிரம் மூட்டை வந்தால் நாலு அப்படித்தான் இருக்கும் சார்" என்றார் கருவி வைத்திருந்தவர். ஆயிரத்தில் நாலு இருக்கும், சரி. என் நெல் ஏன் நனைந்தது? முதல் நாள் மழையும், கேட்டும் கொடுக்காத தார்ப்பாயும் அந்தப் பதிலில் எங்கே போயின?

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நெல் விளைகிற இடத்தில்தான் நெல் விவசாயி இருப்பான். நம்மைப் போன்றவர்கள் பிழைக்கிற பிரபஞ்சத்தில்தான் கேள்வி கேட்கவும் ஆள் இருக்கும். விண்மீன் மண்டலங்கள் திரள வேண்டுமானால் அந்த ஆற்றல் இன்ன அளவைத் தாண்ட முடியாது என்று 1987-இல் அமெரிக்க இயற்பியலாளர் ஸ்டீவன் வெயின்பெர்க் இந்த வழியில்தான் கணக்குப் போட்டார். 1998-இல் விண்மீன் வெடிப்புகளை அளந்தபோது அந்த வரம்புக்குள்ளேயே ஓர் அளவு தெரிந்தது. லேசான விஷயமில்லை. ஆனாலும் ஆற்றில் தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டால் குடகு மழையைக் காட்ட வேண்டும். வெளி படுவேகமாக விரிந்து, பிரபஞ்சங்களை ஓயாமல் பெற்றுப்போடும் 'வீக்கம்' (inflation) ஒன்று உண்டு என்கிறார்கள். அந்தக் குடகை இன்னும் யாரும் பார்த்ததில்லை. பார்க்க முடியுமா என்பதே இன்னும் தீராத வழக்கு. இதைக் கட்டுரையில் ஒரு வரி சொன்னால் குறைந்தா போய்விடும்?

தங்கள் இணைப்புக்கு இது புதிதல்ல. விண்மீன்களை ஆராய்ந்த விஞ்ஞானி சந்திரசேகரை சி.வி. ராமனின் மகன் என்று போட்டீர்கள். அண்ணன் மகன் ஐயா. திருவானைக்காவலில் பிறந்த ராமனின் குடும்ப விவரம் எங்கள் பக்கத்தில் டீக்கடையில் கேட்டாலே சொல்வார்கள். திருத்தம் கேட்டு எழுதினேன். வரவில்லை. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று எழுதிய கடிதத்தைப் பிரசுரித்தீர்கள், நன்றி. அதில் 'வரவில்லை' என்ற வரியை மட்டும் வெட்டியிருந்தீர்கள்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இணைப்பின் ஏதாவது ஒரு மூலையில் அந்த 500-ஐ மேலே தூக்கி, பொடி எழுத்தில் போடுங்கள். இந்தக் கடிதம் நீளம் என்றால் மேட்டூரை வெட்டிக்கொள்ளுங்கள், அடுக்கை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
நீடாமங்கலம் அருகே.