நாங்குநேரியும் களக்காடும் பாக்கி: பெற்றோர் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். நெல்லையப்பர், காந்திமதி அம்மை அருளாலும், பாளையங்கோட்டை சபையாரின் ஜெபத்தாலும், மேலப்பாளையத்துப் பெரியவர்களின் துஆவாலும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை வீடு வீடாகப் போய் எண்ணும் எங்கள் கணக்கெடுப்பு பாதி வழி வந்துவிட்டது. பாளையங்கோட்டை, மானூர் ஒன்றியங்கள் முடிந்தன. நாங்குநேரியும் களக்காடும் பாக்கி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம்: இன்னும் ரூ. 2,72,500 வேண்டும். டிசம்பர் 15-க்குள் வேண்டும்.

ஏன் இந்த அவசரம் என்று கேட்பீர்கள். அரையாண்டு விடுமுறையில்தான் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். வீடு வீடாகப் போகும் கல்லூரி மாணவர்களுக்கும் அந்தப் பத்து நாள்தான் ஓய்வு. அதை விட்டால் மே மாதம். மே மாதத்துக்குள் 2026 சட்டமன்றத் தேர்தலே முடிந்துவிடும். தேர்தல் அறிவிப்பு வந்த நாளிலிருந்து நன்னடத்தை விதி என்பார்கள், எந்த அலுவலகத்திலும் நம் மனுவை நின்று படிக்க ஆள் இருக்காது. ஆகவே தை முடிவதற்குள் கணக்கை முடித்து, ஆட்சியர் வழியாகச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். தேர்தல் அறிக்கை எழுதும் எல்லாக் கட்சிக் குழுக்களின் கையிலும் ஒரு படி கொடுக்க வேண்டும். எல்லாக் கட்சிக்கும் என்றுதான் சொல்கிறோம், இதில் எங்களுக்குக் கொடி கிடையாது.

புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், எங்கள் மூத்த உறுப்பினர்கள் இதைக் குறைக்க விடமாட்டார்கள்.

பாளையங்கோட்டை சும்மா ஒரு ஊரா? தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பேர் வாங்கிய ஊர். பார்வையில்லாத பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் 1890-களிலேயே பள்ளிக்கூடம் கண்ட மண். அப்படிப்பட்ட ஊரில் நூறு வருஷம் கழித்தும் ஆட்டிசம் என்ற சொல்லே யாருக்கும் தெரியாது. எங்கள் குழுவில் ஒருவரான டீச்சரம்மா தன் மகனைத் தூக்கிக்கொண்டு மருத்துவர் மருத்துவராக அலைந்த காலம் அது. ஒருவர் "காது கேட்கவில்லை" என்றார். இன்னொருவர் "தாமதமாகப் பேசுவான், மாமனும் அப்படித்தானே" என்றார். மூன்றாமவர், "நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள் அல்லவா, தாய்ப்பாசம் போதவில்லை" என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி, சென்னையில் போய்த்தான் நோய்க்குப் பெயர் தெரிந்துகொண்டார். (நோய் என்று எழுதியது பழக்கதோஷம். அது நோயல்ல, மூளை வளர்கிற விதம் வேறு. எங்கள் குழுவின் இளைஞர் ஒருவர், அவருக்கும் ஆட்டிசம் உண்டு, இந்த இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டுத்தான் இந்தக் கடிதத்தை அச்சுக்கு அனுப்பினார்.)

2004-ல் சமாதானபுரத்தில் ஒரு மாடியறையில் ஐந்து தாய்மார்கள் கூடினார்கள். பாயும் மண்பானையும்தான் சொத்து. அந்த ஐந்து பேரில் இருவர் இன்று இல்லை. அவர்கள் கையெழுத்தில் இருக்கும் முதல் கூட்டக் குறிப்பைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம், வந்து பாருங்கள்.

அப்போதிருந்த 1995-ஆம் வருஷத்துச் சட்டம் ஏழு வகை ஊனத்தைத்தான் ஒப்புக்கொண்டது. அதில் ஆட்டிசம் இல்லை. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லி எழுதியது, ஆனாலும் சான்றிதழ் கேட்டுப் போனால் "மனவளர்ச்சி குன்றியவர்" என்றே எழுதிக் கொடுத்தார்கள். பெற்றோர்கள் விடவில்லை. டெல்லியில் 1991-லேயே ஒரு தாய் தொடங்கிய அமைப்பு முதல் எங்கள் மாடியறை வரை, நாடு முழுக்க மனுவும் தர்ணாவுமாக வருஷங்கள் போயின. எங்கள் பங்குக்குப் பாளையங்கோட்டை தபாலாபீசில் 500 அஞ்சலட்டை வாங்கி எழுதிப் போட்டோம். 2016 டிசம்பரில் புதிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறைவேறியது. ஏழு வகை 21 ஆனது, ஆட்டிசம் அதில் தனியாக உட்கார்ந்தது. அந்த அஞ்சலட்டைகளால்தான் சட்டமே வந்தது என்று எங்கள் பழைய பொருளாளர் இன்றும் சொல்வார். நாங்கள் மறுத்துப் பேசுவதில்லை.

சரி, சட்டம் வந்துவிட்டதே, அப்புறம் என்ன குறை? சட்டத்தைப் பிரித்துப் படித்துப் பாருங்கள். ஊனங்களின் காரணங்களைப் பற்றி அரசு கணக்கெடுப்பும் ஆராய்ச்சியும் செய்ய வேண்டும் என்று 25-ஆம் பிரிவு சொல்கிறது. மறுவாழ்வுக்கு உதவும் ஆராய்ச்சியை அரசே தொடங்க வேண்டும் என்பது 28-ஆம் பிரிவு. பள்ளிப் பிள்ளைகளை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க வேண்டும் என்பது 17. எழுத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் நிதி கேட்டுப் போனால் முதல் கேள்வியே, "உங்கள் மாவட்டத்தில் எத்தனை பேர்?" என்பதுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊனத்துக்கு எட்டுக் கட்டங்கள் இருந்தன, ஆட்டிசத்துக்குக் கட்டமே இல்லை. 2018-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று இரண்டு முதல் ஒன்பது வயது வரை ஏறத்தாழ 4,000 பிள்ளைகளைப் பார்த்தது. பல்வல், காங்க்ரா, தேன்கனால், ஐதராபாத், வடக்கு கோவா என்று ஐந்து இடங்கள். நல்ல வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் அதில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை. கணக்கில் இல்லாத பிள்ளைக்கு பட்ஜெட்டிலும் கணக்குத் தலைப்பு இருக்காது. அதனால்தான் நாங்களே எண்ணக் கிளம்பினோம்.

பெற்றோர் எதற்கு ஆராய்ச்சி செய்ய வேண்டும், அது படித்தவர்கள் வேலை என்று போன கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். அவருக்கு அங்கேயே பதில் சொல்ல நேரமில்லை, இங்கே சொல்கிறோம். தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்று எங்கள் டீச்சரம்மாவுக்குச் சொன்னதை, அமெரிக்காவில் 1950, 60-களில் பெரிய பெரிய நிபுணர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை 1964-ல் ஆதாரத்தோடு உடைத்தவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். உளவியலாளர், ஆனால் அவரை அதில் இறக்கியது அவருடைய மகன். லண்டனில் 1962-ல் பெற்றோர் கூடிச் சங்கம் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான லோர்னா விங் மனநல மருத்துவர், அதோடு ஆட்டிசம் உள்ள பெண்ணுக்குத் தாய். அவரும் ஜூடித் கோல்டும் லண்டனில் கேம்பர்வெல் என்ற ஒரே ஒரு பகுதிப் பிள்ளைகளைப் பார்த்து எடுத்த கணக்கு 1979-ல் வெளிவந்தது. ஆட்டிசம் ஒரே அச்சில் வார்த்ததல்ல, ஆளுக்கு ஆள் அளவும் விதமும் மாறும் என்று இன்று எல்லோரும் சொல்கிறோமே, அந்தப் புரிதலுக்கு வழி விட்டது அந்தக் கணக்கு. ஒரு பகுதி, ஐயா. நாங்குநேரியும் ஒரு பகுதிதான்.

அமெரிக்கப் பெற்றோர்கள் நாடாளுமன்றப் படியேறி 2006-ல் ஒரு சட்டமே வாங்கினார்கள். ஐந்து வருஷத்துக்கு நூறு கோடி டாலருக்குச் சற்றுக் குறைவான தொகைக்கு அனுமதி. அந்தச் சட்டத்தின் பெயரில் ஆட்டிசத்தோடு போரிடுவது என்ற பொருள் இருந்தது. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் "எங்களோடு போரிடவா?" என்று கேட்டார்கள். 2014-ல் புதுப்பித்தபோது பெயரை மாற்றினார்கள். இதையும் எங்கள் சிவப்பு மை இளைஞர்தான் ஞாபகப்படுத்தினார். அரசுத் தாளில் ஆட்டிசம் உள்ளவர்களைப் "புற உலகச் சிந்தனையற்றோர்" என்று எழுதுவதும் அவருக்குப் பிடிக்காது. புற உலகம் அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே கேட்கிறது. ஆனித் தேரன்று வேட்டுச் சத்தத்துக்குப் பயந்து உள்ளறையில் காதைப் பொத்திக்கொண்டு உட்காரும் பிள்ளைகள் எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. ஊரே வடம் பிடிக்கும், நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருப்போம்.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறோம். இந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூடக் குணமாக்குகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களுக்குப் போகாது. ஸ்டெம் செல் ஊசிக்கு வீட்டை அடமானம் வைத்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று 1998-ல் வந்த கட்டுரையை வெளியிட்ட பத்திரிகையே 2010-ல் திரும்பப் பெற்றுவிட்டது. தயவுசெய்து பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுங்கள்.

வேலை நடக்கும் விதம் இதுதான். மாணவர்கள் வீடு வீடாகப் போய்ச் சின்னக் கேள்விகள் கேட்பார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறாளா என்பது போல. ஐயம் உள்ள பிள்ளைகளை அப்புறம் உளவியலாளர்கள் ஐசா (ISAA) என்ற ஆட்டிசம் அளவுகோலை வைத்துப் பார்ப்பார்கள். 2009-ல் நம் நாட்டிலேயே உருவாக்கிய அளவுகோல், 40 கூறுகள். மொத்த மதிப்பெண் 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை, 153-க்கு மேல் போனால் கடுமையானது. பெற்றோர் கையெழுத்துப் போடாமல் ஒரு பிள்ளையையும் தொடுவதில்லை. முடிந்த இரண்டு ஒன்றியங்களில் எத்தனை பேர் என்று பலர் கேட்கிறீர்கள். சொல்ல மாட்டோம். முடியாத கணக்கை ஊரில் பரப்புவது அழகல்ல.

இனிச் செலவு. மொத்தத் திட்டம் ரூ. 6,85,000. வந்தது ரூ. 4,12,500. அது செலவாகிவிட்டது, வரவு செலவு அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. பாக்கிக்கு: உளவியலாளர் இருவர், தலா 12 நாள், நாளுக்கு 5,000 வீதம் ரூ. 1,20,000. வேன் இரண்டு, பத்து நாள், நாளுக்கு 3,200 வீதம் ரூ. 64,000. மாணவர் 14 பேருக்குச் சாப்பாடும் கைச்செலவும் நாளுக்கு 400 வீதம் ரூ. 56,000. படிவம் அச்சடிக்க ரூ. 18,500. மனுத் தயாரிக்கவும் சென்னைக்கு இரண்டு முறை போய்வரவும் ரூ. 14,000. சென்னைக்குப் போகிறவர்கள் ஸ்லீப்பரில்தான் போகிறார்கள், யாரும் ஏசியில் போகவில்லை. இது போன வருஷம் கேட்டவருக்காக.

இதுவரை கொடுத்தவர்களை மறந்தால் சோறு செரிக்காது. முதல் வேன் வாடகையைக் கேட்காமலே கட்டிய கீழரத வீதி மளிகைக்கடை அண்ணாச்சிக்கும், அரைநாள் சம்பளத்தைத் திரட்டித் தந்த ஆசிரியர்களுக்கும், தவக்கால உண்டியலை அப்படியே கொண்டுவந்து கொட்டிய ஆலயத்து இளைஞர்களுக்கும், துபாயிலிருந்து மாசாமாசம் ஆயிரம் அனுப்பிவிட்டு ஒருமுறைகூட ரசீது கேட்காத தம்பிக்கும், ஓய்வுபெற்ற தாசில்தார் ஐயாவுக்கும், அவர் சொன்னதால் கொடுத்த அவருடைய மூன்று சம்பந்தி வீட்டாருக்கும் நன்றி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி சிந்துபூந்துறைக்குள் புகுந்தபோது எங்கள் முதல் கணக்கு நோட்டுகள் அத்தனையும் நனைந்து கூழாகிவிட்டன. விட்டுவிடலாம் என்று நாங்களே நினைத்தோம். அப்போது மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் பெண்களின் சுய உதவிக் குழு ஒன்று, ஆளுக்குப் பத்தும் இருபதுமாகச் சேர்த்து 3,740 ரூபாயை ஒரு டிபன் டப்பாவில் போட்டுக் கொடுத்தது. அவர்கள் வீட்டிலும் வெள்ளம் வந்திருந்தது. அந்த டப்பாவை நாங்கள் திருப்பிக் கொடுக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அலுவலக அலமாரியில் இருக்கிறது.

இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் குழுவில் 143 குடும்பங்கள். இந்த வருஷச் சந்தா 300 ரூபாய் கட்டியவர்கள் 51 குடும்பம். மற்றவர்களில் கஷ்டப்படுகிறவர்கள் உண்டு, அவர்களைச் சொல்லவில்லை. சான்றிதழ் வாங்க நாங்கள் கூடவே வந்து வரிசையில் நின்றோம், பஸ் பாஸுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தோம், காரியம் முடிந்ததும் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் மட்டும் போடுகிறவர்களைச் சொல்கிறோம். பேர் எழுத மாட்டோம். அவரவருக்குத் தெரியும், பிள்ளையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

பெரிய கைகளுக்கும் ஒரு வார்த்தை. கோயிலுக்கு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தால் வெளிச்சத்தை மறைத்து நம் பேரை எழுதலாம். குத்துவிளக்கில் பேர் வெட்டலாம். கணக்கெடுப்புப் படிவத்தில் பேர் போட இடமில்லை, அதனால்தான் இந்தச் செலவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று எங்களுக்கு ஒரு எண்ணம். தவறாக இருந்தால் காட்டுங்கள், சந்தோஷமாக மன்னிப்புக் கேட்கிறோம்.

5,000 ரூபாய் தந்தால் ஓர் உளவியலாளரின் ஒரு நாள் உங்களுடையது. 400 தந்தால் ஒரு மாணவருக்கு ஒரு நாள். அதற்கும் குறைவாகத் தர நினைப்பவர்கள் தயங்க வேண்டாம், டிபன் டப்பா காலியாகத்தான் இருக்கிறது. சனி, ஞாயிறு மாலை 5 முதல் 8 வரை பொருளாளர் அலுவலகத்தில் இருப்பார். வங்கிக் கணக்கு விவரம் இந்த நோட்டீஸின் பின்பக்கம். 80ஜி சான்றுக்கு விண்ணப்பித்திருக்கிறோம், இன்னும் வரவில்லை, ஆகவே வரிவிலக்கு உண்டா என்று கேட்காதீர்கள். அச்சிட்ட ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். நாங்குநேரி, களக்காடு பக்கம் வீடு வீடாகப் போக வழிகாட்டத் தெரிந்தவர்கள், பணம் இல்லாவிட்டாலும் டிசம்பர் 20 காலை பத்து மணிக்குப் பயிற்சிக்கு வந்துவிடுங்கள். மதியச் சாப்பாடு உண்டு.

இப்படிக்கு,
பெற்றோர் குழுவினர்,
பாளையங்கோட்டை