எம்பீட்டின் இடது முட்டி பற்றி, சிக்ஸர்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பிலடெல்பியா செவன்ட்டி சிக்ஸர்ஸ் கூடைப்பந்து அணியின் நிர்வாகத்தாருக்கும் மருத்துவக் குழுவினருக்கும், வணக்கம்.

2024 ஜனவரி 30 ஆட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கோல்டன் ஸ்டேட் அணிக்கு எதிராக அன்று உங்கள் நட்சத்திர ஆட்டக்காரர் ஜோயல் எம்பீட் காலை இழுத்து இழுத்துத்தான் ஓடினார். 18 முறை எறிந்ததில் கூடைக்குள் போனது 5. எட்டு நாள் முன்புதான் சான் அன்டோனியோவுக்கு எதிராக 70 புள்ளி எடுத்த மனுஷன்! ஆட்டத்தின் நான்காவது, கடைசிப் பகுதியில் பந்துக்காக நடந்த தள்ளுமுள்ளில் எதிரணியின் ஜொனாதன் குமிங்கா அவருடைய இடது காலின் மேல் விழுந்தார். முட்டி மூட்டுக்குள் இருக்கும் ஜவ்வில் (மெனிஸ்கஸ்) காயம், பிப்ரவரியில் அறுவை சிகிச்சை.

குமிங்கா விழுந்தது விபத்து. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நிலையில் இருந்த காலோடு அவரை ஏன் இறக்கினீர்கள்? அந்த சீசனில்தான் என்பிஏ லீக்கில் 65 ஆட்ட விதி வந்தது. சீசனின் 82 ஆட்டங்களில் 17-க்கு மேல் தவறவிட்டால், சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருதுக்குத் தகுதி போய்விடும். மூன்று நாள் முன்பு டென்வரில் அவர் ஆடாததற்கு ஊரே திட்டியிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் “ஆடுகிறாயா?” என்று கேட்டால், ரோஷமுள்ள எவரும் “ஆடுகிறேன்” என்றுதான் சொல்வார். கேள்வியை அவரிடம் கேட்டதே தப்பு. முட்டியிடம் கேட்டிருக்க வேண்டும்.

ஆட்டம் முடிந்த சூட்டில் ஒன்றும் தெரியாது. மறுநாள் காலை கட்டிலிலிருந்து காலை இறக்கும்போதுதான் தெரியும், முட்டிச் சில்லுக்கு மேலே பொதபொதவென்று நீர் கோத்திருப்பது. நீர் கோத்தால் தொடையின் முன்தசை முழு பலத்தோடு இயங்காது. நரம்பு மண்டலமே அதை அடக்கி வைத்துவிடும். குதித்து இறங்கும்போது அதிர்ச்சியைத் தாங்குவதில் அந்தத் தசைக்குத்தான் பெரும் பங்கு. அது அரைகுறையாக வேலை செய்தால், ஏழடி உயர மனிதரின் அத்தனை எடையும் ஏற்கெனவே தேய்ந்த ஜவ்விலும் குருத்தெலும்பிலும் போய் இறங்கும். மறுபடி நீர் கோக்கும். பத்துக்கு எத்தனை வலி என்று மார்க் போடச் சொல்வதைவிட, தினமும் காலையில் நாடா வைத்து இரண்டு முட்டிகளின் சுற்றளவையும் அளப்பது மேல்.

2017, 2024, 2025 என அந்த ஒரே முட்டியில் மூன்று அறுவை சிகிச்சைகள் ஆகிவிட்டன. 2024-25 சீசனில் அவர் ஆடியது 19 ஆட்டம். அந்த சீசனில் அடுத்தடுத்த நாட்களில் ஆட வைப்பதில்லை என்று முடிவெடுத்தது சரி, நல்லதுதான். ஆனால் அது கேலண்டரைப் பார்த்து எடுக்கும் முடிவு. இரண்டு நாள் இடைவெளி விட்டும் நீர் வற்றவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? பயிற்சியில் குதிப்பதும் குதிப்புதான், அதையும் கணக்கில் சேருங்கள்.

அப்புறம் இன்னொன்று. 2024 அக்டோபரில் லீக் உங்களுக்கு 1 லட்சம் டாலர் அபராதம் போட்டது, ஓய்வு கொடுத்ததற்காக அல்ல. அவருடைய உடல்நிலை பற்றி வெளியே சொன்னது உண்மை நிலையோடு பொருந்தவில்லை என்பதற்காக. “முட்டியில் வீக்கம் இருக்கிறது, இந்த வாரம் இல்லை” என்று நேராகவே சொல்லியிருக்கலாமே.

ஆடலாமா வேண்டாமா என்ற முடிவு பயிற்சியாளரிடம் இருக்க வேண்டாம், எம்பீட்டிடமும் வேண்டாம். காலையில் நாடாவைப் பிடித்தவரிடம் இருக்கட்டும். அவர் “இன்று இல்லை” என்றால், டிக்கெட் வாங்கியவர்கள் திட்டத்தான் செய்வார்கள். நானும் திட்டுவேன். கண்டுகொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அணியின் ரசிகன்